தோலின் நிறம்... பாட்டன், பூட்டன் தந்த குடை!

ஜூன் மாதம், இரண்டாவது வாரம். குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. பேரருவியில் பெண்கள் பக்கம் நீண்ட வரிசை. வானம் மூட்டம் போட்டு, பூப்போலச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. வெயில் என்ற பேச்சுக்கே இடமில்லை!

அந்த வரிசையில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை பேண்ட், தலையில் அகலமான தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. தொப்பிக்குக் கீழே எட்டிப் பார்த்த முடி, சோளக் குஞ்சம் மாதிரி வெளிர் மஞ்சள். கன்னம் பால் வெள்ளை.

பின்னால் நின்ற பெண்மணிக்கு ஆவல் தாங்கவில்லை. "ஏம்மா, பிள்ளை ஃபாரினா?"

"இல்லக்கா, தென்காசிப் பக்கந்தான். எம் மவதான்" என்றார் கூட நின்ற தாய். மாநிறத்துக்கும் கொஞ்சம் கூடுதலான கறுப்பு அவர். கேட்டவர் தாயையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அடுத்த கேள்வி: "மழைக்குள்ள எதுக்கும்மா தொப்பியும் கண்ணாடியும்? வெயிலே இல்லியே?"

"மேகத்துக்கு மேல வெயில் இருக்கத்தானக்கா செய்யுது" என்றார் அந்தத் தாய் அமைதியாக.

குளித்து முடித்து அவர்கள் ஈரத்தலையோடு கடைவீதிக்கு வந்தபோது அருகில் போய்ப் பேச்சுக் கொடுத்தோம். "பேரு மட்டும் போட்டுராதீய... மத்தபடி எல்லாத்தையும் எழுதுங்க. நாலு பேருக்கு உபயோகப்படும்லா" என்ற நிபந்தனையோடு பேச ஆரம்பித்தார். அவர் சொன்னதில் ஒரு பாதி மருத்துவம்; மறுபாதி குடும்பக் கதை. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் சாரமே!

குங்குமப்பூ செய்த வேலையா?

"இவ பிறந்தப்ப ஆஸ்பத்திரியில வந்து பாத்தவுக எல்லாம், 'குங்குமப்பூவை அள்ளிப் போட்டுக் குடிச்சியோ?'ன்னு கேட்டாவ. சில பேரு என்னையே ஒரு மாதிரியாப் பாத்தாவ. எங்க ஆச்சி மட்டும் பிள்ளையைக் கையில வாங்கிட்டு, 'இது எங் கொழுந்தன் ஜாடைல்லா'ன்னு சொன்னாவ. அப்பந்தான் எனக்கு உசிரே வந்துச்சு."

ஆச்சி சொன்னதுதான் சரி. குங்குமப்பூவுக்கும் குழந்தையின் நிறத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. கர்ப்பிணி கிரகணத்தைப் பார்த்ததும் காரணமில்லை. இந்தச் சிறுமிக்கு இருப்பது அல்பினிசம். பிறவியிலேயே தோலிலும் முடியிலும் கண்ணிலும் நிறமி உருவாகாத, அல்லது மிகக் குறைவாக உருவாகும் நிலை. உலக அளவில் சுமார் 17,000 முதல் 20,000 பேருக்கு ஒருவர் இப்படிப் பிறக்கிறார்கள்.

இது வியாதி இல்லை, தொற்றாது. புத்திக்கோ ஆயுளுக்கோ இதனால் நேரடியாக எந்தக் குறையும் கிடையாது. ஆனால் இரண்டு விஷயங்களில் இவர்கள் ஜாக்கிரதையாக இருந்தே ஆக வேண்டும். ஒன்று பார்வை. இன்னொன்று, தோலில் வரும் புற்றுநோய்.

வெண்புள்ளியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வெண்புள்ளி பிறகு வருவது. இருந்த நிறமி அங்கங்கே அழிவது. அதுவும் தொற்றாது, குஷ்டத்துக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. இன்னொரு ஆச்சரியம்... வெண்புள்ளி உள்ளவர்களுக்குத் தோல் புற்றுநோய் அதிகம் வருவதில்லை. மற்றவர்களைவிடக் குறைவாகவே வருகிறது என்று ஐரோப்பிய ஆய்வுகள் சொல்கின்றன!

உடம்புக்குள் ஒரு குடைக் கம்பெனி

அது சரி, நிறமி என்பது என்ன? அழகு சமாச்சாரமா?

இல்லவே இல்லை. அது பாதுகாப்புச் சமாச்சாரம். நம் மேல் தோலின் அடி வரிசையில் மெலனோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. மெலனின் என்ற கறுப்பு நிறப்பொருளைத் தயாரித்து, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, சுற்றியுள்ள தோல் செல்களுக்கு சப்ளை செய்வது இவற்றின் வேலை. வாங்கிக்கொண்ட செல், அந்தப் பொட்டலங்களைத் தன் உட்கருவுக்கு மேலே தொப்பி மாதிரி கவிழ்த்து வைத்துக்கொள்ளும். உட்கருவுக்குள் இருப்பது டி.என்.ஏ. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் டி.என்.ஏ.வை அடித்துச் சிதைக்காமல் இந்தக் குடை தடுக்கிறது. சிதைவு சேர்ந்துகொண்டே போனால், ஒருநாள் ஏதாவது ஒரு செல் கட்டுப்பாடு இழந்து பெருக ஆரம்பிக்கும். அதுதான் புற்றுநோய்.

இதில் ஒரு வேடிக்கை. சுண்டினால் ரத்தம் தெரிகிற சிவப்புத் தோல்காரருக்கும், நாவல்பழக் கறுப்புத் தோல்காரருக்கும் மெலனோசைட்டுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான்! பொட்டலத்தின் அளவும், எண்ணிக்கையும், சரக்கின் ரகமும்தான் வேறு. கம்பெனி ஒன்று, உற்பத்தி வேறு.

1979ல் அமெரிக்காவில் இதை அளந்தே பார்த்தார்கள். வெயில் தடுப்பு க்ரீம்களில் எஸ்.பி.எஃப். என்று ஒரு எண் போடுகிறார்களே, அந்தக் கணக்கில் கறுப்பினத்தவரின் மேல் தோலுக்கு சுமார் 13, வெள்ளையருக்கு சுமார் 3 என்று வந்தது. அதாவது, காசு கொடுத்து வாங்காத க்ரீம் ஒன்றை நாம் பிறக்கும்போதே பூசிக்கொண்டு வருகிறோம். 'கறுப்பே அழகு, காந்தலே ருசி' என்று நம் பெரியவர்கள் சொன்னதில், 'கறுப்பே காப்பு' என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்!

இந்த உற்பத்திக்கான உத்தரவு ஜீன்களிலிருந்து வருகிறது. ஒரு ஜீன் அல்ல, பல ஜீன்கள் சேர்ந்து நிறத்தை முடிவு செய்கின்றன. அதனால்தான் ஒரே வீட்டில் அண்ணன் கறுப்பு, தங்கை சிவப்பு. ஸீப்ரா மீன் என்ற சின்னஞ்சிறு மீனை வைத்து ஆராய்ந்தவர்கள் 2005ல் ஒரு முக்கியமான நிற ஜீனைக் கண்டுபிடித்தார்கள். அதில் ஒரே ஒரு எழுத்து மாறினால் தோல் வெளிறுகிறது. ஐரோப்பியர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் அந்த மாறிய எழுத்துத்தான். நம் நாட்டில் இரண்டும் கலந்து கிடக்கிறது என்று ஹைதராபாத் சி.சி.எம்.பி. விஞ்ஞானிகளும் பங்கு பெற்ற ஆய்வு 2013ல் சொன்னது.

செம்பட்டை முடி வெள்ளையர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு வேறொரு ஜீனில் மாற்றம். கறுப்பு மெலனினுக்குப் பதில் சிவப்பு மெலனின் அதிகம் உருவாகும். அது நல்ல குடை இல்லை. வெயில் பட்டால் கறுக்க மாட்டார்கள், வெந்து சிவப்பார்கள். ஐரோப்பாவிலிருந்து போய் ஆஸ்திரேலிய வெயிலில் குடியேறியவர்களின் வாரிசுகள் இன்று படும் பாடு இதனால்தான். அங்கே மூன்று பேரில் இரண்டு பேருக்கு 70 வயதுக்குள் ஏதாவது ஒரு தோல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது! தோலின் நிறமும் வெயிலும் பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அல்பினிசத்தில் இந்தப் பொருந்தாமை உச்சத்தில் இருக்கிறது. மெலனோசைட்டுகள் இருக்கும், ஆனால் மெலனின் தயாரிக்கத் தேவையான என்சைம் வேலை செய்யாது. தொழிற்சாலை இருக்கிறது, மெஷின் ஓடவில்லை. சூரியனுக்கு அடியில் வெறும் தலையோடு நிற்பது போல.

தென்காசி வெயில் லேசுப்பட்டதா?

தென்காசி பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 9 டிகிரியில் இருக்கிறது. வருஷத்தில் இரண்டு தடவை, ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும், நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். மற்ற மாதங்களிலும் ரொம்பச் சாய்ந்துவிடுவதில்லை. ஆக, வருஷம் முழுக்கவே புற ஊதாக் கதிர் பலமாகத்தான் இருக்கும்.

"ஆனால் குற்றாலத்தில் ஜில்லென்று இருக்கிறதே?" என்பீர்கள். அங்கேதான் ஏமாந்து போகிறோம். உடம்பு சுடுவது வேறு கதிரால். தோலைச் சிதைப்பது வேறு கதிர். மெல்லிய மேகம் என்றால் புற ஊதாக் கதிரில் 80 சதவிகிதம் வரைகூட ஊடுருவி வந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று சூட்டைத் தணிக்கும், கதிரைத் தணிக்காது. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்திப் பூ பார்க்கப் போய் மணிக்கணக்காக வயலில் நிற்கிறவர்கள், மறுநாள் முகம் எரிகிறது என்று சொல்வதன் ரகசியம் இதுதான்.

நிழலைப் பார்த்தே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் பலமாக இருக்கிறது என்று அர்த்தம். நம் ஊரில் தோராயமாகக் காலை 10 முதல் மாலை 4 வரை.

சித்தப்பாவின் காது

ஆச்சி சொன்ன அந்தக் கொழுந்தனின் கதைக்கு வருவோம். சிறுமியின் தாய்க்கு அவர் சித்தப்பா முறை.

"அவுகளும் இவளை மாதிரியேதான். ஊருல 'வெள்ளையா'ன்னுதான் கூப்பிடுவாவ. கண்ணு சரியாத் தெரியாதுன்னு அஞ்சாவதோட படிப்பை நிறுத்திட்டாவ. படிப்பு இல்லாததுனால வேற என்ன வேலை? புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டத்துல காவலும் காய் பறிப்பும். நாள் பூரா வெயிலுதான். மேலெல்லாம் செதில் செதிலா இருக்கும், தேங்காயெண்ணெயைத் தடவிக்கிடுவாவ. முப்பத்தி மூணு வயசுல காது மடல்ல ஒரு சின்னப் புண்ணு. காயும், மறுபடி உரிஞ்சு ரத்தம் வரும். முள்ளு கீறினதுன்னு நெனைச்சாவ. பச்சிலை அரைச்சுப் போட்டாவ. ஒரு மருந்துக்கடையில களிம்பு வாங்கிப் போட்டாவ. ஒம்போது மாசம் இப்படியே ஓடிப்போச்சு. கழுத்துல நெறி கட்டின பெறவுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாவ. சதை எடுத்து டெஸ்ட் பண்ணி, கேன்சர்னுட்டாவ. காதை எடுத்தாவ, கரண்ட் வச்சாவ... முப்பத்தஞ்சு முடியலை, போய்ச் சேந்துட்டாவ."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "அவுகளைக் கொன்னது நோயில்லைங்க. 'இது வெறும் புண்ணுதானே'ங்கிற நெனைப்பு."

இவர் சொன்னது ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல. அல்பினிசம் உள்ளவர்களுக்கு அதிகம் வருவது 'ஸ்குவாமஸ் செல்' வகைத் தோல் புற்றுநோய். முகம், காது, உதடு, பிடரி, புறங்கை... அதாவது வெயில் அதிகம் படும் இடங்களில் வரும். மெதுவாகத்தான் வளரும். ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால், அந்த இடத்தில் மட்டும் மரத்துப் போக ஊசி போட்டு அறுத்து எடுத்துவிடலாம். பெரும்பாலும் பூரண குணம். புற்றுநோயாக மாறுமுன் சொரசொரப்புத் திட்டாக இருக்கும்போதே உறைபனி போன்ற திரவ நைட்ரஜன் வைத்து அழித்தும் விடலாம். விட்டுவிட்டால்தான் நெறி கட்டி, உள்ளே பரவும்.

ஆப்பிரிக்காவில், முக்கியமாக டான்ஸானியாவில், அல்பினிசம் அதிகம். அங்கே சுமார் 1,400 பேருக்கு ஒருவர். தொப்பியும் க்ரீமும் கிடைக்காத ஏழைகள் அங்கே இளம் வயதிலேயே தோல் புற்றுநோய்க்குப் பலியானார்கள். இப்போது கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில் மோஷி என்ற ஊரில் இருக்கும் தோல் மருத்துவ மையத்தில் அவர்களுக்கென்றே ஒரு வெயில் தடுப்புக் களிம்பைத் தயாரித்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஐ.நா. சபை ஜூன் 13ஆம் தேதியை அல்பினிச விழிப்புணர்வு நாளாக அறிவித்து 2015லிருந்து கடைப்பிடித்து வருகிறது. நம் குற்றால சீசனும் அந்தச் சமயத்தில்தான்!

"நாங்கள் கறுப்புதானே, எங்களுக்கு என்ன?"

அவசரப்படாதீர்கள். நம் நாட்டில் தோல் புற்றுநோய் மிகக் குறைவு என்பது உண்மை. மெலனினுக்கு நன்றி சொல்வோம். ஆனால் 'குறைவு' என்றால் 'இல்லை' என்று அர்த்தமில்லை.

கறுப்புத் தோல்காரர்களுக்கு மெலனோமா என்ற பொல்லாத வகை வந்தால், பெரும்பாலும் வெயில் படாத இடத்தில் வரும். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில். பிரபல பாடகர் பாப் மார்லி நினைவிருக்கிறதா? கால் பெருவிரல் நகத்துக்கு அடியில் மெலனோமா வந்தது. 1977ல் கண்டுபிடித்தார்கள், 1981ல், 36 வயதில் இறந்துபோனார். பந்து விளையாடி அடிபட்ட காயம் என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

நிறத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், பழக்கத்தால் வருவதும் உண்டு. இடுப்பில் வேட்டியை வருஷக்கணக்காக இறுக்கிக் கட்டி, அந்தத் தடத்தில் வரும் புற்றுநோயை 1945ல் பம்பாயைச் சேர்ந்த கனோல்கரும் சூர்யாபாயும் எழுதி வைத்தார்கள். பாவாடை நாடா இறுகும் இடத்தில் பெண்களுக்கும் வருகிறது. காஷ்மீரில் குளிருக்கு வயிற்றோடு அணைத்துக்கொள்ளும் கணப்புச் சட்டியான 'காங்ரி'யால் வரும் புற்றுநோய் பிரசித்தம். ஆறாத பழைய தீக்காயத் தழும்பிலும் வரலாம். நாடா தடம் கறுத்துப் புண்ணாகிறது என்றால் நாடாவைத் தளர்த்துங்கள், இடத்தை மாற்றிக் கட்டுங்கள்.

இன்னொரு அபூர்வப் பரம்பரை நோய் 'ஸீரோடெர்மா பிக்மென்டோஸம்'. இதில் குடை இருக்கிறது; ஆனால் குடையையும் மீறி விழுந்த அடியைச் சரிசெய்யும் ரிப்பேர் ஆள் இல்லை. டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் சக்தி பிறவியிலேயே குறைவு. கைக்குழந்தையாக இருக்கும்போதே லேசான வெயிலுக்கும் முகம் முழுக்க மிளகு தூவியது போலப் புள்ளிகள் வரும், கண் கூசும். பத்து வயதுக்குள்ளேயே தோல் புற்றுநோய் வந்துவிடலாம். குழந்தை மாநிறம்தானே என்று இதில் அசட்டையாக இருக்கக் கூடாது. இதுவும் சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் கூடுதலாகத் தெரியவரும் நோய்.

சொந்தத்தில் கல்யாணம் செய்தால்...?

ஆம், விஷயத்தின் முடிச்சு இங்கேதான். அந்தத் தாய் தன் அத்தை மகனையே கட்டிக்கொண்டவர்.

ஒவ்வொரு ஜீனும் நமக்கு இரண்டு பிரதி உண்டு. அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று. ஒன்று பழுதாக இருந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். அப்படிப்பட்டவர் வெளியே பார்க்க எந்த வித்தியாசமும் இல்லாமல், பழுதை உள்ளே சுமந்துகொண்டிருப்பார். சுமார் 70 பேருக்கு ஒருவர் இப்படி அல்பினிச ஜீனைச் சுமப்பதாகக் கணக்கு. சுமக்கும் இருவர் மணந்துகொண்டால்தான் பிரச்னை. அப்போது ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு அல்பினிசம் வர நாலில் ஒரு வாய்ப்பு. பரம்பரையாக வரும் இப்படிப்பட்ட குறைகளில் அல்பினிசமும் ஒன்று என்று 1908லேயே லண்டன் டாக்டர் ஆர்ச்சிபால்ட் காராட் எடுத்துச் சொன்னார்.

அந்நியத்தில் மணந்தால் இருவருமே சுமப்பவராக அமைவது அபூர்வம். 70 பெருக்கல் 70 பெருக்கல் 4... சுமார் 20,000 குழந்தையில் ஒன்று. ஆனால் சொந்தத்தில்? இந்தக் குடும்பத்தையே பாருங்கள். சித்தப்பாவுக்கு அல்பினிசம் என்றால், அவருடைய அப்பா, அம்மா இருவரும் பழுதைச் சுமந்தவர்கள். அது அவருடைய அண்ணனுக்கும் போயிருக்கிறது, அக்காவுக்கும் போயிருக்கிறது. அண்ணன் மகள் இந்தத் தாய். அக்கா மகன் அவர் கணவர். ஒரே வீட்டிலிருந்து பிரிந்துபோன இரண்டு பழுதும் கல்யாணப் பந்தலில் மறுபடி சந்தித்துவிட்டன!

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் நாலில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட கல்யாணங்கள் சொந்தத்தில்தான் நடந்திருக்கின்றன. இதில் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு பரம்பரைக் குறை இருந்தால்தான் கணக்கு மாறுகிறது.

"இப்பம் எங்க வீட்டுல அதே கேள்விதான் வந்து நிக்கி" என்றார் தாய். "மூத்தவளுக்கு இருபத்திரெண்டு. அவளை எந் தம்பிக்குக் குடுக்கதா சின்ன வயசுலயே பேச்சு. எங்கம்மா, 'உரிமைக்காரன் இருக்கையில வெளிய எதுக்குட்டி பாக்கணும்?'னு ஒத்தக் கால்ல நிக்காவ. நான் என்னத்தச் சொல்ல?"

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூத்த பெண்ணுக்கு அல்பினிசம் இல்லை. ஆனால் அவள் பழுதைச் சுமக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. தாய் நிச்சயமாகச் சுமப்பவர். ஆகவே அவருடைய தம்பி சுமக்க இரண்டில் ஒன்று. இருவரும் சுமந்தால் குழந்தைக்கு நாலில் ஒன்று. மொத்தம் பெருக்கினால், 12ல் ஒன்று! அதே பெண் அந்நியத்தில் மணந்தால்? சுமார் 420ல் ஒன்று, அல்லது அதற்கும் குறைவு. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

இதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டியதில்லை. இப்போது ரத்தப் பரிசோதனை இருக்கிறது. முதலில் பாதிக்கப்பட்ட குழந்தையின் ரத்தத்தில் எந்த ஜீனில் என்ன பழுது என்று கண்டுபிடிப்பார்கள். பிறகு அதே பழுது அக்காவுக்கும் மாமாவுக்கும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சில ஆயிரம் ரூபாய் செலவு, சில வாரக் காத்திருப்பு. இருவரில் ஒருவருக்கு இல்லை என்று தெரிந்தாலும் போதும், இந்தப் பயத்துக்கு வேலை இல்லை. வேலூர், சென்னை போன்ற ஊர்களின் பெரிய ஆஸ்பத்திரிகளில் மரபியல் ஆலோசனைக்கென்றே பிரிவுகள் உண்டு. இருவருக்கும் இருந்தால்? அப்போது முடிவெடுக்க வேண்டியது அந்தப் பெண்ணும் பையனும். ஆனால் தெரிந்து எடுக்கும் முடிவு, தெரியாமல் மாட்டிக்கொள்வதைவிட மேல்.

அல்பினிசக் குழந்தை வீட்டில் இருந்தால்...

1. காலை 10 முதல் மாலை 4 வரை வெளி விளையாட்டு வேண்டாம். பள்ளியில் பி.டி. வகுப்பையும் காலை வழிபாட்டையும் நிழலில் வைத்துக்கொள்ள ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள்.

2. உடைதான் முதல் மருந்து. நெருக்கமாக நெய்த, முழுக்கைத் துணி, கழுத்தையும் காதையும் மறைக்கும் அகலத் தொப்பி, குடை. கிரிக்கெட் தொப்பி காதை மறைக்காது.

3. துணி மறைக்காத இடத்துக்கு எஸ்.பி.எஃப். 30க்கு மேற்பட்ட க்ரீம். வெளியே கிளம்ப 20 நிமிஷம் முன்பு தாராளமாகப் பூசி, இரண்டு மணிக்கு ஒருமுறை திரும்பப் பூசவும். அருவியில் குளித்தால் க்ரீம் போய்விடும், உடனே பூசவும். தேங்காயெண்ணெய் வெயிலைத் தடுக்கப் போதாது. உதட்டையும் காதையும் மறந்துவிடாதீர்கள்.

4. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோல் டாக்டரிடம் உச்சி முதல் பாதம் வரை காட்டுங்கள். தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனை, திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரண்டும் பக்கத்தில்தான்.

5. கண் டாக்டரிடம் சின்ன வயதிலேயே காட்டுங்கள். விழித்திரை முழு வளர்ச்சி அடையாததால் கண்ணாடி போட்டாலும் பார்வை முழுசாக வராது, கண்மணி ஆடும். ஆனால் கூச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி, எழுத்தைப் பெரிதாக்கும் லென்ஸ், முதல் பெஞ்ச், பெரிய எழுத்துப் புத்தகம்... இவை போதும், பிள்ளை படித்துவிடும். பார்வைக் குறைபாடு அளவைப் பொறுத்து மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும், பரீட்சையில் கூடுதல் நேரமும் கேட்டுப் பெறலாம்.

6. படிப்பை நிறுத்தாதீர்கள். படித்தால் நிழலில் வேலை. படிக்காவிட்டால் வெயிலில் வேலை. இவர்களுக்குப் படிப்பும் ஓர் உயிர் காக்கும் மருந்து!

எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள்

குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அருவிக்குப் போகுமுன் எண்ணெய் மாலிஷ் செய்துகொள்வது வழக்கம். வீட்டிலும் செவ்வாய், வெள்ளி, சனி என்று எண்ணெய்க் குளியல் உண்டு. அந்த நேரத்தில் தோலையும் ஒரு நோட்டம் விடுங்கள். உள்ளங்கால், விரலிடுக்கு, நகம், முதுகு, காதின் பின்புறம். முதுகைக் கணவருக்கு மனைவியும், மனைவிக்குக் கணவரும் பார்த்துவிடலாம்.

நாலு வாரத்துக்கு மேல் ஆறாத புண். காய்ந்து காய்ந்து ரத்தம் கசியும் பொருக்கு. வளர்ந்துகொண்டே போகும் சொரசொரப்புத் திட்டு. நிறமோ ஓரமோ உருவமோ மாறும் மச்சம். உள்ளங்காலில் புதிதாகத் தோன்றிய கறுப்புத் திட்டு. ஒரே ஒரு நகத்தில் அகலமாகிக்கொண்டே போகும் கறுப்புக் கோடு. இவற்றில் எது இருந்தாலும் களிம்பு தேடாமல் டாக்டரைத் தேடுங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தாலும், சீக்கிரம் போனவருக்குச் சின்னக் கத்தியோடு போய்விடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் அடங்கும் என்பதால், தகுதியுள்ளவர்கள் செலவுக்கு பயந்து தள்ளிப்போட வேண்டியதில்லை.

இன்னொன்று. சிவப்பாக வேண்டும் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பூசும் க்ரீம்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். தோல் மெலிந்து, வெயில் தாங்காமல் போய்விடும். இயற்கை கொடுத்த குடையைக் காசு கொடுத்துக் கிழிப்பானேன்?

விடைபெறும்போது அந்தத் தாயிடம், மூத்த பெண்ணின் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டோம்.

"மூணு பேரு ரத்தத்தையும் குடுத்தாச்சு. தம்பிதான் மொத ஆளா வந்து கையை நீட்டுனான். 'ரிசல்ட் வரட்டும்க்கா. அதுவரைக்கும் அம்மாவை நான் பாத்துக்கிடுதேன்'னான். மூத்தவ என்ன சொல்லுதா தெரியுமா? 'இருக்குன்னு வந்தா மாமா எனக்கு மாமாவாவே இருக்கட்டும்; இல்லேன்னு வந்தா அப்பம் யோசிப்போம். எப்படியும் பி.எட். முடிக்காம பந்தலுக்கு வரமாட்டேன்'னுட்டா!"

இதற்குள் சின்னவள் மங்குஸ்தான் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணுக்கு மிக அருகே தூக்கிப் பிடித்து, அதன் அடியில் இருக்கும் பூ இதழ்களை எண்ணிக்கொண்டிருந்தாள். உள்ளே எத்தனை சுளை இருக்கும் என்று அதை வைத்துச் சொல்லிவிடலாமாம்; டீச்சர் சொன்னார்களாம். தாய் பையிலிருந்து க்ரீமை எடுத்து, அவள் காது மடலில் இரண்டாவது தடவையாகத் தடவிவிட்டார். சாரல் இன்னும் விட்டபாடில்லை.